ஊட்டி மார்க்கெட்டில் தொடங்கி சேரிங் கிராஸில் முடிக்க: ஒரு நாள் கடைவீதி வழிகாட்டி

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷாப்பிங் போகணும் என்று ஆட்டோவில் ஏறினால், ஆட்டோக்காரர் மறுபேச்சு இல்லாமல் சேரிங் கிராஸ் சந்திப்பில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவர் மேல் தப்பில்லை, வெளியூர்க்காரர்கள் கேட்கிற சாக்லேட், ஸ்வெட்டர், யூகலிப்டஸ் தைலம் எல்லாமே அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தொடங்கினால் எந்தப் பொருள் இந்த ஊரில் என்ன விலைக்கு ஓடுகிறது என்பது கடைசிவரை தெரியாமலே மலை இறங்குவீர்கள். எங்கள் வீடு ஊட்டி காந்தலில். சீசன் வந்தால் திருப்பூர், கோயம்புத்தூர் சொந்தங்கள் எல்லாம் வந்துவிடும், அத்தனை பேருக்கும் நான் சொல்லும் வழி ஒன்றுதான்: பழைய மார்க்கெட்டில் ஆரம்பியுங்கள், ஏ.டி.சி. சந்திப்பு தாண்டி கமர்சியல் ரோட்டில் நடங்கள், சேரிங் கிராஸ் போய் அப்படியே கார்டன் ரோட்டில் முடியுங்கள். காலையில் மார்க்கெட்டில் விலை மட்டும் கேளுங்கள், காய்கறி வாங்குவதை ஊர் திரும்பும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோ உருளைக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு யாரும் சாக்லேட் கடைக்குள் நுழைந்து ரசிக்க முடியாது.

கிளம்பும் முன்

சொந்த வண்டியில் வருகிறீர்கள் என்றால் முதல் வேலை இ-பாஸ். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பே வைத்தார்கள், வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. உண்மையைச் சொன்னால் கடைவீதிக்காக மட்டும் வருபவருக்கு பஸ்தான் உத்தமம், ஏனென்றால் கமர்சியல் ரோட்டில் கார் நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் குன்னூர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். காரில் வந்தவர்கள் அதைத் தங்குகிற இடத்திலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரி மாவட்டத்துக்குள் கூடாது, செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், வழியில் குடிநீர் ஏ.டி.எம். இருக்கிறது, காசு போட்டு நிரப்பிக்கொள்ளலாம். கேரி பேக் கடையில் கிடைக்கும் என்று நம்பி வெறுங்கையோடு வராதீர்கள். வீட்டில் இருக்கிற பழைய மஞ்சப்பை இரண்டு, ஒரு பெரிய கட்டைப்பை, அது போதும்.

செருப்பு விஷயம் சின்னதுதான், ஆனால் சொல்லியாகவேண்டும். மார்க்கெட்டுக்குள் முக்கால்வாசி நாள் தரை ஈரமாகத்தான் இருக்கும், கேரட் கழுவின தண்ணி, மழைத்தண்ணி, மூட்டையிலிருந்து உதிர்ந்த செம்மண், எல்லாம் கலந்து சேறாக. வழுக்காத ஷூ போடுங்கள். குடை ஜூன் முதல் நவம்பர் வரை கட்டாயம், மற்ற மாதங்களிலும் வைத்துக்கொள்ளலாம், எங்கள் ஊர் வானத்தை நாங்களே நம்புவதில்லை.

எப்போது வரலாம் என்றால், ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். மலர்க் கண்காட்சி பார்க்க வருபவர்கள் தாராளமாக வரட்டும், கடை பார்க்க அது நேரமில்லை. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன், கூட்டம் மிதமாக இருக்கும். எனக்குப் பிடித்தது ஜனவரி வார நாள்; காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், கடைக்காரர்கள் கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

முதலில் மார்க்கெட்

பஸ் ஸ்டாண்டிலிருந்து மெயின் பஜார் வழியாகப் பத்துப் பதினைந்து நிமிட நடை. காலை எட்டு மணிக்கு உள்ளே இருந்தால் நல்லது.

இந்த மார்க்கெட்டைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறி வந்தார், பிறகு இங்கேயே கல் வீடு கட்டிக் குடியேறினார். உருளைக்கிழங்கு முதலான சீமைக் காய்களை இங்கே போட்டுப் பார்த்ததில் அவர் பங்கு பெரிது. அதன்பிறகு வந்து குவிந்த வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் 1840-களில் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். அது சரியாக ஓடவில்லை. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் 1848 வாக்கில் தோட்டக்கலை வல்லுநர் மெக்கைவர் கையில் இன்றைய தாவரவியல் பூங்கா உருவானது. பூ பார்க்க லட்சக்கணக்கான பேர் வருகிற பூங்காவின் பூர்வீகம் முட்டைக்கோசு விலையில் வந்த சண்டை என்று சொன்னால் என் அக்கா மகன் இன்றைக்கும் நம்ப மாட்டேன் என்கிறான். ஊர் நகராட்சி ஆனது 1866-ல். சீமைக் காய்கறி மெல்ல வெள்ளைக்காரத் தோட்டத்தை விட்டு, இந்த மலையில் விவசாயம் செய்யும் படகர் மக்களின் ஊர் நிலத்துக்குப் போனது, அங்கே விளைந்தது இந்த மார்க்கெட்டுக்கு வந்தது. இன்றும் ஊட்டிக்காரன் வீட்டுச் சமையல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சமீப வருடங்களில் பழைய கடைகளில் ஒரு பகுதியை இடித்துவிட்டு, வண்டி நிறுத்த இடத்தோடு புதுக் கட்டடம் எழுப்பும் வேலை நடந்தது. அதனால் பழைய ஓட்டுக் கூரைச் சந்து ஒரு பக்கம், புது கான்கிரீட் ஒரு பக்கம் என்று பாதி முகம் மாறிவிட்டது. பழசு போய்விட்டதே என்று வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில் அங்கே கடை நடத்தாதவர்கள் என்பது என் கருத்து.

உள்ளே போனதும் முதலில் உருளைக்கிழங்குக் கடையில் நில்லுங்கள். ஊட்டி மார்க்கெட்டில் விற்பதெல்லாம் ஊட்டிக் கிழங்கு இல்லை. மைசூர்ப் பக்கத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் லாரியில் வரும் கிழங்கும் பக்கத்து மூட்டையிலேயே இருக்கும், விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. முன்பு ஒருமுறை, பளபளவென்று சுத்தமாக இருந்ததை நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்கார அக்கா கையைத் தட்டிவிட்டார். "கழுவியிருக்கான்னு பாக்காதீங்க தம்பி, மண்ணு ஒட்டியிருக்கான்னு பாருங்க. நம்ம கிழங்குன்னா செம்மண்ணு இருக்கும், நகத்துல சுரண்டினா தோல் வந்துரும்." சுரண்டிப் பார்த்தேன், வந்தது. குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறியிருக்கும், பொரித்தால் சீக்கிரம் கறுக்கும், லேசாக இனிக்கும். புதுசாகத் தோண்டிய மலைக்கிழங்கில் அது இல்லை, வறுவலுக்கு ஆட்கள் தேடி வாங்குவது அதனால்தான்.

கேரட் கதை நேர் எதிர். கேத்தி பாலாடா பக்கம் அறுவடையான கேரட்டை அங்கேயே மிஷினில் கழுவித்தான் மேட்டுப்பாளையம் அனுப்புகிறார்கள், அதனால் மார்க்கெட்டுக்கு வரும்போதே மினுமினுப்பாகத்தான் இருக்கும். தழையோடு கட்டாகக் கட்டி ரோட்டோரம் விற்பது படம் எடுக்க நன்றாக இருக்கும். ஊருக்குக் கொண்டுபோவது என்றால் தழையைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தழை ஈரத்தை இழுத்து கேரட் துவண்டுபோகும்.

நூக்கல், பீட்ரூட், பட்டர் பீன்ஸ், முள்ளங்கி, டர்னிப், இவையெல்லாம் கண்ணில் படும், விலையைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு நகருங்கள். மலைப்பூண்டு மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள், காரமும் வாசமும் சமவெளிப் பூண்டைப் போல இரண்டு மடங்கு இருக்கும், விலையும் அப்படித்தான். பழக்கடையில் காலம் பார்த்துக் கேளுங்கள். மே, ஜூனில் பிளம்ஸ், பீச். ஜூலைக்கு மேல் பேரிக்காய், கூடவே பர்லியாறு, கல்லாறு பக்கத்திலிருந்து மங்குஸ்தான், ரம்புட்டான். மரத்தக்காளியும் தாட்பூட் பழமும் (பேஷன் ஃப்ரூட்) கிடைத்தால் விடாதீர்கள். சில நாள் கூடையில் கறுப்பாக, சின்னதாக ஒரு காட்டுப் பழம் வைத்து ஒரு பாட்டி ஓரமாக உட்கார்ந்திருப்பார், அது தவிட்டுப்பழம். அவரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

மார்க்கெட் சுற்றியதும் அருகிலேயே மாரியம்மன் கோயில். செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய காலத்தில் வடக்கிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்து, தங்க இடம் கேட்டு, வியாபாரிகள் காட்டிய மரத்தடியில் மின்னலாக மறைந்தார்கள் என்பது கோயில் கதை. மாரியம்மனும் காளியம்மனும் ஒரே கருவறையில் இருப்பதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். சந்தைக்கு வந்த சாமி. சித்திரைத் தேர்த் திருவிழா நாளில் வந்தீர்கள் என்றால் கடை பார்ப்பதை மறந்துவிட்டுத் தேர் பாருங்கள், தெருவில் நகரவே முடியாது.

டீயும் வர்க்கியும்

பத்து மணிக்குள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிடுங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மைதா, சர்க்கரை, கொழுப்பு, அதோடு மாவா என்று சொல்கிற புளித்த மாவு, எல்லாம் சேர்த்து அடுக்கடுக்காக மடித்து விறகு அடுப்பில் சுடுவது. நல்ல வர்க்கி எப்படித் தெரியும் என்றால், கையில் எடுத்தால் கனமே இருக்காது, உடைத்தால் பொடியாக நொறுங்காமல் ஏடு ஏடாகப் பிரியும், வாயில் போட்டால் மேலண்ணத்தில் வனஸ்பதி ஒட்டாது. டீயில் முக்கினால் இரண்டு நொடி, மூன்றாவது நொடியில் பாதி டம்ளருக்குள் போய்விடும். பேக்கரி அடுப்பு பக்கத்தில் இருக்கிற மார்க்கெட், மெயின் பஜார் பகுதியில் வாங்குவதே நல்லது, காலையில் சூடாக வரும். விலை கேட்டு விட்டுவிடச் சொன்னேன் அல்லவா, வர்க்கி அதற்கு விதிவிலக்கு, இதை இப்போதே வாங்குங்கள். பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

கமர்சியல் ரோடு

ஏ.டி.சி. தாண்டியதும் தெரு மாறும். சாக்குமூட்டை போய்க் கண்ணாடிக் கதவு வரும், பிராண்ட் ஷோரூம், செல்போன் கடை, பீட்சா கடை, ஏ.டி.எம். எல்லாம் ஒன்றை அடுத்து ஒன்று. சேரிங் கிராஸ் வரை பத்து நிமிட நடைதான், கடை பார்த்துப் போனால் இரண்டு மணி நேரம். பழைய ஊரின் மிச்சத்தையும் இதே ரோட்டில் தேடலாம்: 1844-ல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்கு இங்கே கிளை இருக்கிறது, சாக்லேட்டில் 1942-ல் தொடங்கிய கிங் ஸ்டார் இருக்கிறது. இன்னொரு விஷயம், நீல்கிரிஸ் சூப்பர் மார்க்கெட் என்று ஊர் ஊராக இருந்ததே, அது 1905-ல் நம் குன்னூர்ப் பக்கத்தில் வெண்ணெய்க் கடையாகத் தொடங்கியதுதான். சூப்பர் மார்க்கெட் மலையேறி வந்தது என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லி வாயடைக்கலாம்.

சாக்லேட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹோம்மேட் என்று விற்பதில் பெரும்பகுதி, பெரிய கட்டிச் சாக்லேட்டை வாங்கி உருக்கி, முந்திரி, பாதாம், திராட்சை போட்டு, அச்சில் ஊற்றி எடுத்தது. அதில் தப்பொன்றும் இல்லை. கேள்வி அந்தக் கட்டி எது என்பதில்தான். கோகோ வெண்ணெய் உள்ளதா, தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்டா? கடையில் ருசி பார்க்கத் தருவார்கள், ஒரு துண்டை வாங்கி மெல்லாமல் நாக்கில் வையுங்கள். வழுவழுவென்று கரைந்து சுத்தமாகப் போனால் நல்லது, மெழுகு மாதிரி ஒரு பூச்சு நின்றால் காம்பவுண்ட். அப்புறம், இங்கே குளிரில் கட்டியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நான் ஒருமுறை இரண்டு கிலோ வாங்கிப் பஸ்ஸில் மேல் தட்டில் போட்டுவிட்டுத் தூங்கினேன், மேட்டுப்பாளையம் தாண்டி எடுத்துப் பார்த்தால் முந்திரியும் திராட்சையுமாக ஒரே உருண்டை. பெரியம்மா அதைக் கத்தியால் வெட்டித்தான் பங்கு வைத்தார்.

டீத்தூளும் இதே ரோட்டில். பால் டீ போடுபவர்களுக்கு சி.டி.சி. டஸ்ட், அதாவது மிஷினில் நொறுக்கிச் சுருட்டிய தூள், கட்டன் டீ குடிப்பவர்களுக்கு ஆர்த்தடாக்ஸ், அதாவது நொறுக்காமல் முறுக்கிக் காயவைத்த இலை, இவ்வளவுதான் கணக்கு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் பறித்த இலைக்கு வாசம் தனி, ஃப்ராஸ்ட் டீ என்று கேளுங்கள். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளைச் சேர்த்த இன்கோசர்வ், அரசின் டான்டீ, இரண்டின் தூளும் நம்பி வாங்கலாம். பேர் இல்லாத பாக்கெட்டை மட்டும் யோசித்து வாங்குங்கள். ஒருமுறை போகிற வழியில் ஏதோ ஒரு கடையில் விலை மலிவு என்று நான் எடுத்த தூளை வீட்டில் பச்சைத் தண்ணீரில் போட்டதும் கண்ணெதிரே செக்கச்செவேல் என்று சாயம் இறங்கியது. நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் மெதுவாகத்தான் நிறம் விடும்.

தைலம்: ஒரு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டு சும்மா இருங்கள். எண்ணெய் எதுவும் கலந்திருந்தால் காய்ந்த பிறகும் கறை வட்டமாக நிற்கும். சின்ன பாட்டில் போதும், லிட்டர் கணக்கில் வாங்கிப்போனவர்கள் வீட்டில் அது அப்படியே அலமாரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சேரிங் கிராஸ், அதைத் தாண்டி

நடுவில் வெள்ளையும் அலங்காரமுமாக நிற்பது ஆடம் நீரூற்று, 1886-ல் கட்டியது. மதராஸ் கவர்னராக வந்து சில மாதங்களிலேயே 1881-ல் ஊட்டியில் இறந்துபோன வில்லியம் பாட்ரிக் ஆடம் நினைவாக. எதிரே நின்று செல்ஃபி எடுக்க வண்டிகள் விடாது, ஓரமாக நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியில் என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணத்தை எடுத்து வைக்கவேண்டும், தோடர் பூவேலைக்கு. கோ-ஆப்டெக்ஸ், பூம்புகார் மாதிரி அரசுக் கடைகளிலும், பழங்குடிப் பொருள் விற்கும் கடைகளிலும் கேளுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது. தோடர் பெண்கள் இதற்குக் கோடு வரைவதில்லை, அச்சு வைப்பதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசி ஓட்டுகிறார்கள். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முடிச்சும் நூல் தொங்கலுமாக இருக்காது, முன்னும் பின்னும் துணி நெய்தது போலவே இருக்கும், விரலால் தடவினால் மேடு தட்டும். பிரிண்ட் போட்ட நகலில் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும், மெஷின் தையலில் அடியில் வெள்ளை நூல் ஓடும். முழுச் சால்வை, அவர்கள் சொல்லும் பூத்துக்குளி, செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும் வேலை. விலையைக் கேட்டு மலைத்தால் சின்னப் பர்ஸ், மேசை விரிப்பு, மஃப்ளர் இருக்கிறது, அதை வாங்குங்கள், குறைத்துக் கேட்காதீர்கள்.

கார்டன் ரோட்டில் அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டர் தாண்டிப் பூங்கா வாசலுக்கு முன்னால் திபெத்திய மார்க்கெட். திபெத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் வரிசையாகக் கடை போட்டிருக்கிறார்கள், நல்ல தமிழ் பேசுவார்கள். ஸ்வெட்டர், ஜெர்கின், குல்லா. பெரும்பாலும் லூதியானாச் சரக்கு, திபெத்தில் பின்னியது என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சில கடைகளில் ஒரே விலை என்று எழுதியிருக்கும், எழுதாத இடத்தில் மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம். கழுத்துப் பட்டையையும் ஜிப்பையும் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள், அவ்வளவுதான். குழந்தைக்கு ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள், சமவெளியில் வருடத்துக்குப் பத்து நாள்தான் போடப்போகிறார்கள்.

சாப்பாட்டுக்கு சேரிங் கிராஸ் சுற்றிச் சைவ, அசைவ ஹோட்டல்கள் நிறைய. மூன்று மணிக்கு மேல் மிளகாய் பஜ்ஜி போட ஆரம்பிப்பார்கள், குளிருக்கு அதுவே சாப்பாடு. கழிப்பறை எங்கே இருக்கிறதோ அங்கேயே, ஹோட்டலிலோ பூங்காவிலோ, போய்க்கொள்ளுங்கள். மார்க்கெட் பக்கம் வந்து தேடவேண்டாம்.

திரும்பும்போது

மாலை ஐந்து, ஐந்தரைக்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து மார்க்கெட்டுக்கு வந்துவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் ஷட்டர் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பிக்கும், மூடும் நேரத்துக் கடைக்காரர் கீரையும் கோசும் விலை குறைத்துத் தள்ளிவிடுவார், கிழங்கிலும் பூண்டிலும் இறங்க மாட்டார், அவை நாளைக்கும் விற்கும். காலையில் கேட்ட விலை நினைவில் இருக்கும் அல்லவா, அதைச் சொன்னாலே போதும், "காலைல வந்தீங்களே, அந்த சார்தானே" என்று தராசில் கை தாராளமாகும்.

அடுக்கும் முறை: கிழங்கு அடியில், நூக்கல், பீட்ரூட் அதன் மேல், கேரட் தனிப் பையில், பூண்டு காற்றோட்டமான துணிப்பையில். சாக்லேட் மடியில். வர்க்கியை யாரிடமும் கொடுக்காதீர்கள், குறிப்பாகப் பக்கத்து சீட்டில் தூங்கி விழுகிறவரிடம். போன தடவை பெரியம்மாவுக்கு நான் அனுப்பிய பையில் வர்க்கி கிழங்குக்கு அடியில் போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு போன். "ஏண்டா, உன் வர்க்கி வந்து சேர்ந்துச்சு. ஸ்பூன் போட்டுச் சாப்பிடறோம்."